பின்னறைக்குக் கேட்காத சைரன்

அன்புள்ள மகனுக்கு,

"ஆத்தங்கரையில ஏற்கெனவே ஒரு சைரன் இருக்கே, என் மனைப்பிரிவுக்குத் தனியா ஒண்ணு எதுக்கும்மா?" என்று போன வாரம் கேட்டாய். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து மணியை நினைத்துப் பார். அலுவலக வாசலில் நின்றால் அது காதைப் பிளக்கும். மைதானத்தின் கடைசியில் விளையாடும் பிள்ளைகளோ தாமதமாக வந்து, "நெசமாவே அடிச்சீங்களா டீச்சர்?" என்பார்கள். மணி அடித்தது உண்மைதான். அவர்கள் பொய் சொன்னதும் இல்லை.

அணை திறந்து வெள்ளம் வந்த அன்றும் சைரன் ஊதியது. கடைத்தெருவில் நின்ற எனக்கு நன்றாகவே கேட்டது. உன் அப்பா பின்னறையில் ஃபேனை முழு வேகத்தில் வைத்து மதியத் தூக்கத்தில் இருந்தார். அந்த வெள்ளத்தோடு அவர் போய்விட்டார். "இந்த மனுஷனுக்கு இடி விழுந்தாலும் கேக்காது" என்று கேலி செய்வோமே, இப்போது நாம் யாரும் அதைச் சொல்வதில்லை.

நீ விற்கப்போகும் மனைகள் அந்தச் சைரனிலிருந்து நம் வீட்டையும் தாண்டி இருக்கின்றன. புது மனைப்பிரிவுக்குச் சைரன் கட்டாயம் என்ற விதியிலிருந்து உனக்கு விலக்குக் கேட்டு, நகராட்சிக் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்கிறாய். "டீச்சர் சொன்னா தட்ட மாட்டாங்கம்மா." தட்டமாட்டார்கள்தான். அதுதான் எனக்குப் பயம்.

உன்னோடு வாதாட எனக்கு இனி முடியாது. திங்கட்கிழமை காலையில் ஆற்றங்கரைச் சைரனைச் சோதனைக்கு ஊதுவார்கள். அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடு. பின்னறைக் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, அப்பாவின் கட்டிலில் படுத்துக்கொள். சத்தம் கேட்டதும் எழுந்து வா.

அம்மா