ஐம்பத்தைந்து என்று காட்டிய எழுபத்தொன்று

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு நலம். அண்ணிக்கு முட்டிவலி தேவலையா? போன மாதக் கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. பட்டறையில் மோட்டார் குவிந்து கிடக்கிறது என்று சாக்குச் சொல்லாதே.

எனக்கு மனசு சரியில்லை. ஊஞ்சலிலிருந்து விழுந்த ஆறு வயதுப் பெண்ணுக்கு மணிக்கட்டில் எக்ஸ்ரே எடுத்தேன். படம் முழுக்கச் சாம்பல். விரிசல் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் கை வீங்கி வந்தாள். பக்கத்து அறை மெஷினில் எடுத்தால் விரிசல் பளிச்சென்று தெரிகிறது! "உனக்குப் படம் எடுக்கவே தெரியலைம்மா" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

நான் ஐம்பத்தைந்து கிலோவோல்ட்தான் வைத்தேன். மெஷின் கூடுதலாகக் கொடுக்கிறதோ என்று சந்தேகம். வோல்டேஜ் ஏறினால் கதிர்களின் ஆற்றலும் ஏறும். எலும்பு, சதை என்று பார்க்காமல் ஊடுருவிப் போய்விடும். கம்ப்யூட்டர் வெளிச்சத்தைச் சரிக்கட்டுமே தவிர, எலும்புக்கும் சதைக்கும் நடுவே மங்கிப்போன வித்தியாசத்தை மீட்டுத் தராது.

உன் தங்கை

மார்ச் 9

தங்கச்சிக்கு,

அண்ணிக்குத் தேவலை. பெரிய இடத்தோடு மோதாதே. கையெழுத்துப் போட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்.

அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணா,

கோபித்துக்கொள்ளாதே, நான் போடவில்லை. "முதல்ல மெஷினை அளந்து பாருங்க சார். தப்பு என் மேலன்னா நானே எழுதித் தர்றேன்" என்றேன்.

இன்ஜினியர் மீட்டர் வைத்தார். திரையில் ஐம்பத்தைந்து, மீட்டரில் எழுபத்தொன்று. டாக்டர் இன்னும் இரண்டு முறை அளக்கச் சொன்னார்; அதேதான் வந்தது. அப்புறம் எல்லார் முன்னாலும், "மன்னிச்சிடும்மா. நீ பிடிவாதம் பிடிக்கலைன்னா இன்னும் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேனோ" என்றார்.

அந்த அறையைப் பூட்டிவிட்டு, அங்கே படம் எடுத்தவர்களைத் திரும்ப அழைத்தார்கள். இன்னும் இரண்டு விரிசல்கள் அகப்பட்டன. நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறேன் அண்ணா.

உன் தங்கை

மார்ச் 26

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் உரக்கப் படித்தேன். மீட்டர் வைக்காமல் ஒரு மோட்டாரையும் வெளியே விடாதவன், உன்னைக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னேன் பார். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "டாக்டரையே திருத்தினவ என் தங்கச்சி" என்று சொல்லித் திரிகிறேன்.

ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. "இவளுக்கு எதுக்கு மேல்படிப்பு?" என்று அப்பாவிடம் மல்லுக்கு நின்றவன் நான்தான். நல்லவேளை, அவர் கேட்கவில்லை. இது தெரிந்த பிறகும் எனக்கு எழுதுவாயா?

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

அன்றைக்கே தெரியும். நம் வீட்டுச் சுவர் அவ்வளவு கனமில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். கூட்டிப்போக நீயே வா.

உன் தங்கை