கையெழுத்துப் போட மாட்டேன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நலம். நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதமும், அதோடு வைத்து அனுப்பிய ஒப்புதல் தாளும் வந்து சேர்ந்தன. கையெழுத்துப் போட மாட்டேன்.

எனக்கு நெஞ்சுவலி வந்ததிலிருந்து நீ பதறுவது தெரிகிறது. தங்கைக்கு ஒரு விடுதி பார்த்திருக்கிறாய், சரி. ஆனால் மாதவிலக்குத் தொல்லை இருக்கக் கூடாதென்று, சேர்ப்பதற்கு முன் அவள் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்கிறார்களாம்; நீயும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய். போதாததற்கு, கூடுதல் குரோமோசோம் உள்ள பார்லி பாதி மலடு என்று நீதானே சொல்வாய் அம்மா, இவளும் ஒரு குரோமோசோம் கூடுதலாகப் பிறந்தவள்தானே, அவளுக்கு மட்டும் என்ன நஷ்டம் என்று என் பார்லி ஆராய்ச்சி வேலையை வைத்தே என் வாயை அடைக்கப் பார்க்கிறாய். எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இல்லாதது உன் நல்ல நேரம்.

பார்லியை நீ இழுத்தாய், அதையும் முழுதாகக் கேள். மற்ற பார்லிச் செடிகளுக்குக் குரோமோசோம் பதினான்கு, இதற்குப் பதினைந்து. மெதுவாக வளரும், தாமதமாகக் கதிர் விடும். கதிரில் பாதி பதர், ஒப்புக்கொள்கிறேன். மீதி மணிதானே? போட்டால் முளைக்கத்தானே செய்கிறது? போன மாதம் புதிதாக வந்த அதிகாரி, நாற்றுத் தட்டில் நோஞ்சானாக இருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, இப்போதுதான் பார்க்க அழகாக இருக்கிறது என்றார். நாங்கள் தேடித் தேடி வளர்த்ததே அந்த நோஞ்சான்களைத்தான்! கண்ணாடிக் கூடம் அதிரும்படி கத்தினேன். கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் அப்போது ஞாபகத்தில் இல்லை.

இவ்வளவும் செடிக் கதை. உன் தங்கை செடி இல்லை. அவளுக்குப் பிள்ளை பிறக்கவே பிறக்காது என்று யாராவது எழுதிக் கொடுத்தாலும் அந்த வயிறு அவளுடையது. இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? நான் கேட்டேன். அவளுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னேன். எனக்குத்தான் வலிக்கவே இல்லையே, எதுக்கு அறுக்கணும், வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லிடு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையாம்மா, ஏன் இப்படியெல்லாம் எழுதறான் என்று கவலைப்பட்டாள்.

தையல் கடையில் பொத்தான் தைத்துவிட்டு வந்து, முதலாளியம்மாவோடு போட்ட சண்டையைத் தினமும் நடித்துக் காட்டுகிறாள். சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்குகிறது. அவளுக்கா வேண்டாம் என்று சொல்லத் தெரியாது?

அந்த விடுதி வேண்டாம். இதைக் கேட்காத இடம் இருந்தால் மூவரும் போய்ப் பார்ப்போம், அவளுக்குப் பிடித்தால் பேசுவோம். இல்லையென்றால் இந்த வீடு இருக்கிறது.

எனக்குப் பிறகு, எனக்குப் பிறகு என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாய். எனக்குப் பிறகும் அவள் வேண்டாம் என்று சொல்வாள். அதைக் காதில் வாங்குகிற இடத்தில் நீ இருக்க வேண்டும். அதற்காகவே நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், மகனே.

உன் அம்மா