இரண்டாம் ஓலைக்கு முன்னால்

3 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று மாதா கோயில் பூசையில் ஜெய்சன் கல்யாணத்துக்கு முதல் ஓலை, அதாவது முதல் அறிவிப்பு, வாசித்தார்கள். "ஒத்தக்கடை லூர்துராஜ், இன்னாசியம்மாள் தம்பதியின் மகன் ஜெய்சன்" என்று உபதேசியார் சொன்னதும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. பத்தாவது ரிசல்ட்டில்கூட என் பெயர் வந்ததில்லை. பெண் பெர்சி, மேலூரில் சயின்ஸ் டீச்சர். மகன் டைல்ஸ் கடையில் கணக்குப் பார்க்கிறான். நான் பைக்குக்கு சீட் கவர் தைக்கிறவன். குடும்பம் மேலே போகிறது, நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். யாரும் தடை சொல்லாவிட்டால் 28-ம் தேதி கல்யாணம். தடை சொல்ல எவன் இருக்கிறான்?

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஜெய்சன் சரியாகச் சாப்பிடுவதில்லை. கல்யாணக் களை என்பது வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

7 ஆகஸ்ட், வியாழன்

தடை சொல்ல ஆள் இருக்கிறான். மாப்பிள்ளையேதான்.

வேலை நேரத்தில் கடைக்கு வந்தான். "அப்பா, ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓலை வாசிக்க வேணாம்னு பங்குச் சாமியார்ட்ட சொல்லிருங்க" என்றான். மிஷின் ஊசி விரலில் ஏறாதது யார் செய்த புண்ணியமோ.

"வேற பொண்ணு எதுவுமாடா?"

"இல்லப்பா."

"பெர்சியப் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிக்கும். அதான் வேணாங்கிறேன்."

அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கீழே, ஆண்குறித் தோலில், புள்ளி புள்ளியாக இருக்கிறதாம். ரவை ஒட்டியது மாதிரி. போனில் தேடினால் பால்வினை நோய் என்று ஏதேதோ வருகிறதாம். "நான் எங்கயும் போனதில்லப்பா, மாதா மேல சத்தியமா. ஆனாலும் பயமா இருக்கு. அந்தப் புள்ளைக்குத் தொத்திக்கிட்டா என்ன செய்ய?" படை, சொறிக்குப் போடுகிற களிம்பு டியூபை மெடிக்கலில் வாங்கி ரகசியமாகத் தடவி வந்திருக்கிறான். இப்போது எரிச்சல் வேறு.

எங்கள் வீட்டில் இடுப்புக்குக் கீழே முழங்கால் வலி ஒன்றைத்தான் பேசியிருக்கிறோம். அப்பன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் கேட்டது: "டீ சொல்லவா?"

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த லாட்ஜ் வைத்தியர் நம்பரைப் போனில் வைத்திருந்தான். அதை மட்டும் அழிக்கச் சொன்னேன். அந்தப் புத்தியாவது வேலை செய்தது.

அவன் போன பிறகு தையல் ஓடவில்லை. பயம்தான். ஆனால் பயத்துக்குள்ளே இன்னொன்றும் இருந்தது. இவன் தன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை, அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட்டான். அதையும் என்னிடம் வந்து சொன்னான். என்னிடம்!

8 ஆகஸ்ட், வெள்ளி

காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி போட்டு, போன் டார்ச்சை அடித்து என்னையே பார்த்தேன். இந்தத் தொப்பையோடு அது லேசுப்பட்ட வேலை இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியையும் கழற்ற வேண்டியதாயிற்று.

ரவை! எனக்கும்! எப்போது வந்தது? இத்தனை வருஷமாகக் குளித்தேனே தவிர, எங்கே பார்த்தேன்?

அப்படியானால் இது பரம்பரை வியாதி. சொத்தென்று ஒரு சென்ட் நிலம் கொடுக்காத அப்பன் இதைக் கொடுத்திருக்கிறேன். அவனைக் கூப்பிட்டு, "டேய், எனக்கும் இருக்குடா" என்றேன். சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"அப்ப தோல் டாக்டர்ட்ட ரெண்டு டோக்கன் போடவாப்பா?"

"போடு."

9 ஆகஸ்ட், சனி

தோல் டாக்டர் ஒரு பெண். ஜெய்சன் வயதுதான் இருக்கும். முன்பே தெரிந்திருந்தால் ஒத்தக்கடையைத் தாண்டியிருக்க மாட்டேன்.

அவனை முதலில் தனியாகப் பார்த்தார். அடுத்து நான். "அப்பாவுக்கு என்ன?" என்றார். "அதேதாம்மா" என்றேன். கூரையில் ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அதைத் துடைத்து ரொம்ப நாளாகியிருக்கும்.

பிறகு இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே இல்ல. இது தோல்ல இருக்கிற எண்ணெய்ச் சுரப்பி. நெறையப் பேருக்கு இருக்கும், சில பேருக்கு உதட்டுலகூட இருக்கும். நோயில்ல, தொத்தாது, மருந்தும் வேணாம். எரிச்சல் அந்த டியூப்னாலதான். மொதல்ல அத நிறுத்துங்க. புண்ணு, வலி, புதுசா வளர்ற கட்டின்னு எதாச்சும் வந்தா மட்டும் வாங்க."

"அப்ப கல்யாணம் பண்ணலாமா டாக்டர்?" என்றான் ஜெய்சன்.

"தாராளமா."

"எனக்குங்கம்மா?" என்றேன்.

"உங்களுக்குத்தான் ஏற்கனவே ஆயிருச்சுல்ல?" என்று சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே என்ன வைத்தியமோ என்று நினைத்திருப்பார்கள்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டாம் ஓலை வாசித்தாயிற்று. ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒரு தடையும் இல்லை.

சாயங்காலம் இன்னாசியம்மாள் பிடித்துக்கொண்டாள். "நேத்து அப்பனும் மகனும் எங்க போனீங்க?"

"தோல் டாக்டர்ட்ட."

"யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு டாக்டரு?"

ஒண்ணுமில்லை என்று தெரிந்துகொள்ளத்தான். சொன்னால் புரியுமா? எனக்கே நேற்றுத்தான் புரிந்தது.

ஜெய்சன் பெர்சியிடம் அவனாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். "மறைச்சு ஆரம்பிக்க வேணாம்னு தோணுச்சுப்பா." அதற்கு அந்தப் பெண், "இதுக்கா ஓலைய நிறுத்தப் பாத்தீங்க? சயின்ஸ் டீச்சர் நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டதாம். நல்ல இடத்தில்தான் கொடுக்கிறோம் பையனை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்றாம் ஓலை. எரிச்சலும் சுத்தமாகப் போய்விட்டதாம்.

28 ஆகஸ்ட், வியாழன்

கல்யாணம் முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஜெய்சனின் கோட்டைப் புகழ்ந்தார்கள். நான் கோட்டுக்குள் இருக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்திக்குத் தன்னால் கெடுதல் வரக் கூடாதென்று தன் கல்யாணத்தையே நிறுத்தச் சொன்ன பயல். இதைப் பந்தியில் சொல்லிப் பெருமை பேச முடியுமா? அதனால் இங்கே எழுதுகிறேன். எனக்குப் பிறந்தவன் அவன்.

18 செப்டம்பர், வியாழன்

மத்தியானம் ஜெய்சன் போன். "அப்பா, அருண்பாண்டின்னு எங்க குடோன்ல வேலை பாக்கிறான். அவனுக்கும் ஒரு பயம். வீட்ல வாயே தெறக்க முடியலையாம். எங்கப்பாட்ட பேசுடான்னு சொல்லிட்டேன்."

"எங்கப்பாட்ட" என்று எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்!

சாயங்காலம் அந்தப் பையன் பைக்கோடு வந்தான். சீட்டில் கிழிசல் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றான். நான் மிஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உக்காரு மாப்ள. என்னையப் பாத்தே ஒரு டாக்டரம்மா சிரிச்சாச்சு. நீ சும்மா சொல்லு."