பதினொன்றாம் தேதி, பதினோரு மணி

1971 அக்டோபர் 25, திங்கள்

இன்று படைவீரர் தினமாம். சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் ஊர் சுற்றலாம் என்று, வாஷிங்டனில் தேதியைத் தூக்கித் திங்கட்கிழமையில் வைத்துவிட்டார்கள். எங்கள் தபால் நிலையத்துக்கும் விடுமுறை. ஊர்வலத்துக்கு நான் போகவில்லை. ஜன்னல்களைத் துடைத்தேன்.

முதல் உலகப் போரில் பீரங்கிகள் ஓய்ந்தது 1918 நவம்பர் பதினொன்று, காலை பதினோரு மணி. அதனால்தான் அந்த நாள். பிறகு, எல்லாப் போர்களிலும் நின்றவர்களுக்கு என்று, போர்நிறுத்த தினம் என்ற பெயரைப் படைவீரர் தினம் என்று மாற்றினார்கள். நியாயம்தான். தேதியை மாற்ற இவர்கள் யார்? என் அண்ணன் ஆரின் அன்று பத்தரை மணிக்குச் செத்தான். இன்னும் அரை மணி நேரம் தாக்குப்பிடித்திருந்தால் வீடு வந்திருப்பான். அதை எந்தத் திங்கட்கிழமைக்கு மாற்றுவார்கள்?

நவம்பர் 3

போஸ்ட்மாஸ்டர் ஹாகனிடம் சொல்லிவிட்டேன். பதினொன்றாம் தேதி பதினோரு மணிக்கு என் கவுண்டர் இரண்டு நிமிடம் மூடியிருக்கும்.

"அன்னைக்கு வேலை நாள், வெர்னா. மூடினா மெமோதான். ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு, எதுக்கு வம்பு?"

"நீங்களும் கொரியாவுல சண்டை போட்டவர்தானே?"

"அதான் போன மாசமே ஊர்வலத்துல நடந்துட்டேனே."

நடந்தாராம்.

நவம்பர் 7

பக்கத்து வீட்டு பெர்த்தா காபி குடிக்க வந்தாள்.

"கடைக்காரங்களுக்கு கிறிஸ்துமஸ் வியாபாரம் கூடணும்னு நன்றி நவிலும் நாளையே ஒருதடவை ஒரு வாரம் முன்னால இழுத்தாங்களே. எங்க மாமியார் பழைய தேதியிலதான் சமைப்பேன்னுட்டா. அந்த வருஷம் ரெண்டு வான்கோழி."

சிரித்தேன். போகும்போது கேட்டாள், "வேலை போச்சுன்னா என்னடி பண்ணுவ?"

தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டுமே — மூடத்தான் போகிறேன்.

நவம்பர் 10

ஹாகன் இன்று என்னோடு பேசவில்லை. நானும்தான்.

நவம்பர் 11, வியாழன்

மூடினேன். ஒவ்வொரு வருஷமும் போல, ஆரின் விழுந்த போர்க்களம் இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்து நின்றேன். வரிசையில் ஏழு பேர். பக்கத்துக் கவுண்டரில் ஹாகனே வந்து உட்கார்ந்து, "அடுத்தவங்க வாங்க" என்றார். ஒருவரும் நகரவில்லை. பெர்த்தா பார்சலைத் தரையில் வைத்துவிட்டுக் கிழக்கே திரும்பினாள். அவர் மறுபடி கூப்பிடவில்லை.

மதியம் மெமோ வந்தது. மூன்று நாள் சஸ்பென்ஷன், சம்பளம் கிடையாது. அவரே கைப்பட எழுதியிருந்தார்: "படைவீரர் தினமான இன்று காலை பதினோரு மணிக்கு, இரண்டு நிமிடம்..."

அந்த முதல் வார்த்தைகளை இரண்டு தடவை படித்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.