எல்லாம் போண்டா

வியாழன். மூட்டம். மழை இல்லை.

நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்பு: பெங்களூர் லிங்கராஜபுரத்தின் மாபெரும் மூளை இன்று பல் துலக்கிவிட்டது.

ஸ்டெல்லா அக்கா: "கேம் தவிர கம்ப்யூட்டர்ல உனக்கு என்னடா தெரியும்?" பதில் தயாராகிறது.

எதிர்வீட்டை இடிக்கப்போகிறார்களாம். வாசலில் ஜேசிபி. உள்ளே ஆள் இல்லை.

வெள்ளி. அதே மூட்டம்.

அக்கா ஸ்டூடியோவுக்காகச் செய்யும் முதல் கல்யாண ஆல்பம். திங்கள் அச்சுக்கு. சரியாக வந்தால்தான் ஸ்டூடியோவில் வேலை நிரந்தரம். படங்களின் பெயரில்தான் வரிசையே: 'பக்கம் 4 இடது', அப்படி. என் திட்டம்: அத்தனையும் வரிசை கலைந்து 'போண்டா 1', 'போண்டா 2' என்று ஆகும். அவள் அலறியதும் ஒரு பட்டன். பழைய பெயர்கள் திரும்பும்.

கம்ப்யூட்டரின் இயங்குதளத்தோடு பேசுவதற்கென்றே பட்டியல் வகைகளோடு யாரோ எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு, அதாவது லைப்ரரி, ஒன்று கிடைத்தது. (லைப்ரரிதான், சத்தம் போடலாம்.) பெயர்களை அதன் 'வெக்டர்' பட்டியலில் வாங்கினேன். பழையதைப் பத்திரப்படுத்த அதிலிருந்தே ஒரு 'வியூ'. ஒரே வரி. மேதை!

பக்கத்து வீட்டுக் கன்னடப் பையன் மஞ்சு எட்டிப் பார்த்தான். "லோ மகா, வியூன்னா காப்பி இல்லடா. ஜன்னல் மாதிரி. பட்டியல மாத்துனா அதுலயும் மாறிடும்."

"காப்பி வேணும்னா தர்ஷினி ஹோட்டலுக்குப் போ குரு."

அவன் சிரிக்கவில்லை.

சனி. காலையிலேயே இருட்டு. எதிரே சுவர் விழும் சத்தம்.

அக்கா குளிக்கப் போனதும் புரோகிராமை ஓட்டிவிட்டேன். வந்து ஃபோல்டரைத் திறந்தாள்.

"டேய் ஜோ! என்னடா இது, எல்லாம் போண்டா?"

வயிறு வலிக்கச் சிரிப்பு. பட்டனை அழுத்தினேன். போண்டா. மறுபடியும். போண்டா. வியூவைத் திறந்து பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை போண்டா.

அக்கா கத்தவில்லை. அதுதான் பயம்.

"போதும்டா. பழையபடி மாத்து."

"மாத்துறேன்க்கா."

அவள் போன் அடித்தது. ஸ்டூடியோக்காரர். எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

ஞாயிறு. தூறல். சர்ச்சுக்குப் போகவில்லை, இரண்டு பேரும்.

படம் படமாகத் திறந்து, ஞாபகத்திலிருந்து பக்கம் சொல்கிறாள். நான் டைப் அடிக்கிறேன்.

"இந்த மீசைக்காரர் எங்கக்கா?"

"தெரியல. நேத்து வரைக்கும் தெரிஞ்சுது."

பாதிக்கு மேல் இன்னும் போண்டா. விடிந்தால் திங்கள். ஜன்னலில் எதிர்வீடு இருந்த இடத்தில் வெறும் வானம்.

டைரியில் வெள்ளிக்கிழமை எழுதிய 'மேதை' என்பதை அடித்துவிட்டேன். அந்த ஒரு 'வியூ' வரியும் என்னுடையதில்லை. மஞ்சுவின் புரோகிராமிலிருந்து சுட்டது. இந்த வாரம் முழுக்க நான் அடித்த ஒரே காப்பி அதுதான்.