கண்ணாடியில் பார்க்க வேண்டிய பெயர்

கட்கி, பூனா
12.2.1979

அன்புள்ள அம்மாவுக்கு பிலோமி தோத்திரம் சொல்லி எழுதுவது. அப்பாவின் மூச்சிரைப்பு தேவலையா? எனக்கு வந்த காய்ச்சல் விட்டுவிட்டது, பயப்பட வேண்டாம்.

இங்கே லினோலியத் தகட்டில் படம் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுக்கக் கற்றுத்தருகிறார்கள். நீங்கள் முருங்கைக்கீரை ஆய்வதைச் செதுக்கி, மூலையில் உங்கள் பெயரையும் வெட்டினேன். அச்சில் எல்லாம் இடவலம் மாறும் என்பதை மறந்து நேராகவே வெட்டிவிட்டதால், உங்கள் பெயர் திரும்பி விழுந்தது.

காய்ச்சலில் கிடந்தபோது, என்னோடு படிக்கும் இந்த வீட்டுப் பெண் டோரீன், "நீ படு, நானே கிளாஸ்ல குடுத்துடறேன்" என்று தகட்டை எடுத்துப்போனாள். எழுந்து போய்ப் பார்த்தால், காலேஜ் கண்காட்சியில் என் படம் அவள் பெயரில் தொங்குகிறது! மூலையில் இருப்பது என்னவென்று மாஸ்டர் கேட்க, "கீழே சிந்தின கீரை, சார்" என்று என் எதிரிலேயே சொல்கிறாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்கத் தெரியாது.

சாப்பாடும் படுக்கையும் அவர்கள் வீட்டில் என்பதால் மாஸ்டரிடம் நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால், "இதுக்குப் போய் ஏன் ரோனா? நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே" என்று சிரிக்கிறாள். ரோனா என்றால் இந்தியில் அழுகை. இந்த ஊரில் என்னோடு தமிழ் பேச அவள் ஒருத்திதான் இருந்தாள். இனி அந்தத் தமிழும் வேண்டாம்.

மை துடைக்க அப்பாவின் பழைய வேட்டி ஒன்று அனுப்புங்கள். கருவாடு கொஞ்சம் போதும். பங்கு வைக்க இனி ஆளில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நான் முதலில் எடுத்த அச்சு ஒன்றை இதில் மடித்து வைத்திருக்கிறேன். கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள் அம்மா. அவள் "சிந்தின கீரை" என்றது, ஆரோக்கியமணி.

பிலோமி