கரி லாரிக்குப் பயந்து ஓடிய கால்கள்

டிரஸ்ஸர் அய்யா,

நேற்று தானா ராத்தா டவுனில் சாத்தே கடை முன்னால் நின்று, கரியில் சுட்ட இறைச்சி பன்னிரண்டு குச்சி தின்றேன். கடைக்காரன் விசிறியை வீச வீச, கரிப்புகை நேராக என் முகத்துக்கே வந்தது. "அம்மா, இந்தப் பக்கம் வந்து நில்லுலா, கண்ணு எரியும்" என்று மல்லிகா கையைப் பிடித்து இழுத்தாள். "எரியட்டும் போடி" என்றேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த வாசம் மூக்கில் ஏறியதும் அதே மல்லிகாவைப் போட்டுவிட்டு ஓடியவள் நான். அன்றைக்கு அது முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

இப்போது இதற்கெல்லாம் ஈப்போவில் தனி டாக்டர் இருக்கிறாராம். ஹிப்னோதெரபி என்று பலகை மாட்டி, மெத்தை நாற்காலியில் சாய வைத்துப் பேசுகிறாராம். மல்லிகா சொன்னாள். எனக்குக் கிடைத்தது நீங்கள் கட்டுப் போட்டு மருந்து கொடுத்த எஸ்டேட் ஆஸ்பத்திரியின் கால் ஆடுகிற பெஞ்சு. அதுவும் மழை ஒழுகாத மூலையில் இருந்ததால் சரி.

ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் ஏது? லாரியின் பின்னால் டிரம் வைத்து, அதில் கரியை எரித்துத்தான் ஓட்டினார்கள். மலை ஏறும்போது அது இருமிக்கொண்டே வரும். சத்தத்துக்கு முன்னால் வாசம் வந்துவிடும். அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரரும் ரிங்லெட்டில் காய்கறி கொடுத்து உப்பு வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். மல்லிகாவுக்கு ஒன்றரை வயசு. வளைவில் இளைப்பாற இறக்கி விட்டிருந்தோம், ரோட்டோரம் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லாரி வந்தது. சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். நான் ஓடினேன். தேயிலைக்குள் புகுந்து, செடிக்கடியில் குப்புற விழுந்து மண்ணைக் கவ்விக்கொண்டு கிடந்தேன். அவரும் எனக்குப் பக்கத்தில் ஓடி வந்தவர்தான். பாதியில் பிள்ளை ஞாபகம் வந்து திரும்பினார். பிடித்துக்கொண்டார்கள். லாரியில் ஏறும் முன்னால் அவர் பிள்ளையை ரோட்டோரம் உட்கார வைத்ததை இலைச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். எழுந்திருக்கவில்லை.

லயத்து வரிசை வீடுகளில் எல்லோரிடமும் பாதிதான் சொன்னேன். ரோட்டில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று. பாவம் என்று கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். அதைத் தின்னவே கூசியது.

அதற்குப் பிறகு என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. லாரி வாசம் வந்தால் ஓடும். எங்கே, எப்படி என்று தெரியாது. காட்டோரம் நின்றுகொண்டிருப்பேன், கையில் பிள்ளை இருக்காது. மூன்றாவது தடவை மல்லிகாவை ஆற்றோரத்தில் விட்டுவிட்டு ஓடினேன். பக்கத்து வீட்டு அஞ்சலைதான் தண்ணீரில் இறங்கித் தூக்கினாள். "இவளுக்குப் பேய் புடிச்சிருக்கு, வேப்பிலை அடிக்கணும்" என்றார்கள் லயத்தில். அஞ்சலை, "பேயும் இல்ல, பிசாசும் இல்ல, வாடி" என்று தரதரவென்று உங்களிடம் இழுத்து வந்தாள்.

"மருந்து அலமாரியில இதுக்கு ஒன்னும் இல்லம்மா. பேச்சு மட்டுந்தான் பாக்கி. அதைக் குடிச்சுப் பாக்குறியா?" என்று கேட்டீர்கள். ஓடிப்போன துரையின் பங்களாவில் கிடந்த ஒரு புத்தகத்தைப் படித்து மனோவசியம் கற்றுக்கொண்டிருந்தீர்கள். முதல் நாள் அரிசி டின்னுக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய சங்கிலிக் கடிகாரத்தை எடுத்து என் கண் முன்னால் ஆட்டினீர்கள் பாருங்கள்! நான் போட்ட கூச்சலில் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "உள்ள வையிங்கய்யா! ஜப்பான்காரன் கண்டா புடுங்கிக்குவான், உங்களையும் அடிச்சுப் போட்டுருவான்!" மனுசனைத் தூங்க வைக்க எடுத்த சாமானைப் பார்த்து நான் இன்னும் நடுங்கினேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். ஐந்து மாதத்தில் நான் சிரித்ததும் அன்றைக்குத்தான்.

அப்புறம் கேட்டீர்கள்: "உன் கைக்கு என்ன வேல புடிக்கும்?"

கொழுந்து எடுப்பது என்றேன். அது நின்றுபோய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ஃபேக்டரி மூடிக் கிடந்தது, தேயிலை மரமாக வளர்ந்து நின்றது, பாதி மலையில் மரவள்ளி. "சரி, கண்ண மூடு. சண்டைக்கு முந்தின மலையில நிக்கிற. முதுகுல கூடை. எடு" என்றீர்கள். வெறுங்காற்றில் எடுத்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. நாலாவது செடிக்குப் போவதற்குள் கை தானாக ஓடியது, உங்கள் குரல் எங்கேயோ அடுத்த நிரையிலிருந்து வருவதுபோல் கேட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டே ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல் பொறுக்கியது, மண்ணைக் கவ்வியது, இலைச் சந்து. நீங்கள் சீ என்று சொல்லவில்லை. "சரிம்மா, எடு" என்று மட்டும் சொன்னீர்கள்.

கண் திறந்ததும் உங்களிடம் சண்டை போட்டேன். அந்த நாளை என் தலையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். "மறக்க வைக்க எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் செய்ய மாட்டேன். உம் புருசன் முகத்த நீ கடைசியாப் பாத்த நாளும்மா அது" என்றீர்கள். "அப்புறம் நீங்க என்னத்துக்கு டிரஸ்ஸரு?" என்று கத்திவிட்டு எழுந்து போனேன். மறுநாள் நானே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் நடந்தது. "இப்ப லாரி வருது. கை எங்க?" "கொழுந்துல." "கால் எங்க?" "மண்ணுல." "புள்ள எங்க?" இந்தக் கேள்விக்கு மட்டும் அழுவேன். நீங்கள் அவசரப்படுத்தவில்லை. லாரியை வளைவுக்குக் கீழேயே நிறுத்தி வைத்துவிட்டு, முதலில் பிள்ளையிடம் நடந்து போகச் சொல்வீர்கள். போய்த் தூக்கு, இடுப்பில் வை, இப்போது லாரி வரட்டும் என்பீர்கள்.

நான் காற்றில் கொழுந்து எடுப்பதை ஜன்னல் வழியாக எவளோ பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஆறு பெண்கள், முதுகில் பழைய கூடையோடு வரிசையாக நிற்கிறார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டு ஆரம்பித்துவிட்டது, ஜப்பான்காரனுக்குத் தேயிலை வேண்டுமாம், டிரஸ்ஸர் ஆள் பொறுக்கிப் பழக்குகிறார் என்று லயம் முழுக்கப் பேச்சு! "அவளுக்கு மட்டும் பேர் குடுத்தீங்க, எங்க கை என்ன மொடமா?" என்று உங்களிடம் மல்லுக்கு நின்றார்கள். என்னைக் காட்டிக்கொடுக்காமல், "கை வலிக்கு வைத்தியம்மா அது" என்று நீங்கள் சமாளித்ததை நினைத்தால் இன்றைக்கும் நன்றியாக இருக்கிறது.

பிறகு ஒரு மத்தியானம் நிஜமாகவே வந்தது. கிழங்குக் கொல்லையில் இருந்தேன். வாசம் வந்தது. மல்லிகாவைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். கால் ஓடத்தான் பார்த்தது. ஆனால் நின்றேன். கிழங்கு ஏற்ற வந்த லாரி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோலா தெர்லா பக்கம் போனது. அழுதுகொண்டே உங்களிடம் ஓடி வந்து சொன்னேன். நீங்கள் கட்டுத்துணி அலசிக்கொண்டிருந்தீர்கள். "நல்லது. புள்ளைக்குப் பசிக்கும், போ" என்றீர்கள். திரும்பிப் பார்த்தபோது முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

சண்டை முடிவதற்கு முன்னால் உங்களைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஊருக்கெல்லாம் கொடுத்தீர்கள், உங்களுக்கு என்று ஒரு கொயினா மாத்திரை வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு ஒரு நாள் அதே கரி லாரி, அதே வளைவில் இருமிக்கொண்டு வந்தது. லயத்தில் பாதிப்பேர் ஒளிந்துகொண்டார்கள். நான் மல்லிகா கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன். சயாமிலிருந்து திரும்பியவர்களை இறக்கி விட்டார்கள். கடைசியாக ஒரு எலும்புக்கூடு இறங்கியது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் பிள்ளையைப் பார்த்து, "வளந்துட்டாளே" என்றார்.

அன்று சாயங்காலம் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு அவரிடம் சொல்லிவிட்டேன். பிள்ளையை விட்டுவிட்டு ஓடினேன், பார்த்துக்கொண்டே கிடந்தேன் என்று. அவர் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"என்ன புள்ள பேசுற? நாந்தான 'ஓடு, ஓடு'ன்னு கத்துனேன். காதுல விழலியா?"

விழவில்லை அய்யா. அந்தப் பெஞ்சில் கண்ணை மூடி எத்தனை முறை அந்த வளைவுக்குப் போனேன்! ஒரு தடவைகூட அந்தச் சத்தம் கேட்கவில்லை. நிஜமாகவே கத்தினாரா, என் மனசு ஆறட்டும் என்று சொன்னாரா? நீங்கள் இருந்திருந்தால் ஓடி வந்து கேட்டிருப்பேன். அவர் போய்ச் சேரும்வரை ஒரு நாளும் நான் அவரை மறுபடி கேட்கவில்லை. அவர் கத்தினார், எனக்குக் கேட்டது என்றே வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன் அய்யா.